காயாத கடைத்தெரு

உங்களிடம் சொல்வதற்கென்ன? யுத்த காலத்தில் ஆளிவிதை எண்ணெய் கிடைக்காமல், சாயத்தை மல்லாட்டை எண்ணெயில், அதாவது கடலை எண்ணெயில், குழைத்து விழுப்புரம் கடைத்தெருவை வரையப் பழகினேன். மனசில் பட்டபடி வானமெல்லாம் சிவப்பை அப்பினேன்.

"இன்னாபா, தெருவே பத்திக்கினு எரியுது? என் கடைய மட்டும் உட்டுடு!" என்று சிரித்தார் தையல்கடை நண்பர். அவரையும் கடை வாசலில் நிற்பதுபோல் வரைந்தேன்.

ஆறு மாதமாகியும் படம் காயவில்லை; மல்லாட்டை எண்ணெய் காயவே காயாதாம். அதற்குள் காலரா நண்பரைக் கொண்டுபோனது. அவருக்குப் போட்டோ ஒன்றுகூட இல்லை. படத்தைப் பார்க்க அவர் மனைவி வந்தார். நான் தடுப்பதற்குள் அந்த அம்மாள் படத்திலிருந்த கணவரின் கன்னத்தைத் தடவ, முகம் விரலோடு வந்துவிட்டது.

"திரும்ப வரைஞ்சி குடுங்கண்ணா" என்று அழுதார்.

தூரிகையை எடுத்தேன். மூக்கு எப்படி, புருவம் எப்படி, ஒன்றுமே நினைவில்லை. வானத்தைப் பார்த்த அளவுக்கு அவரை நான் பார்த்ததே இல்லை.