கறுத்தக்குளத்துக்கு இரண்டு சூப்

பரிமாறுகிற வேலையில் கால் நோவை விடப் பெரிய நோவு, சாப்பிட வந்தவர் கேட்கும் கேள்வி. தட்டுத் தூக்கிய உங்களுக்கு இது தெரியும். நான் சுவிஸின் லுசேர்ண் நகரில் ஓர் அயர்லாந்துக்காரரின் உணவகத்தில் இருக்கிறேன். அங்கே மேசைகளுக்கு எண் கிடையாது, அயர்லாந்து ஊர்ப்பெயர்கள்தான். கேட்பவருக்குப் பொருள் சொல்ல முதலாளி ஒரு தாள் தந்திருந்தார். மூன்று மாதம் தாக்குப்பிடித்தால் நிரந்தர வேலைக் கடிதம். அது கிடைத்தால்தான் என் தற்காலிக விசா மாறும், ஊரிலிருக்கும் மனைவியைக் கூப்பிடலாம். தாளைச் சோதனைக்குப் படிப்பதுபோலப் பாடமாக்கினேன்.

ஓக் சோலை

முதல் நாளே 'டெரி' மேசையில் ஒரு சுவிஸ்காரர் பொருள் கேட்டார். "ஓக் மரச் சோலை" என்று ஒப்பித்தேன். அவர் குனிந்து மேசையின் அடிப்பக்கத்தைத் தட்டிப் பார்த்தார்.

"இது பைன் பலகை. பெயரை மாற்றச் சொல்லுங்கள்."

எந்தக் கோயில்?

சமையலறையில் மன்னார்க்காரர் அன்ரன் அண்ணை. அந்தப் பெயர்கள் அவர் வாயில் நுழையவில்லை. ஆகவே பொருளையே பெயராக்கினோம். டப்ளின் கறுத்தக்குளம், கோர்க் சதுப்பு. ஊருக்கு ஊர் குளப்பெயர் உள்ள வன்னியில் கடை நடத்துவதுபோல நன்றாகத்தான் ஓடியது. ஆனால் கில்டேர், கில்கென்னி, கில்லார்னி மூன்றும் தாளின்படி கோயில்கள். ஒரு சனிக்கிழமை "கோயிலுக்கு ஒரு மீன்" என்று கூவிவிட்டு, எந்தக் கோயில் என்பதை நானே மறந்துபோய், மீனை வேறு கோயிலில் இறக்கினேன். அங்கே சாப்பிட வந்திருந்த ஓர் அம்மா பாதியைச் சாப்பிட்டுவிட்டார். முதலாளி பார்த்துக்கொண்டு நின்றார். அன்ரன் அண்ணை அடுப்படியிலிருந்து சொன்னார்:

"எங்கட ஊரிலயும் மூண்டு கோயில் இருக்கு, தம்பி. நேர்த்திக்கடன் ஒருநாளும் மாறிப் போகேல்லை."

சொந்த ஊர்

கடைசிக் கிழமை, 'லிமெரிக்' மேசையில் லிமெரிக் ஊர்க்காரர் ஒருவரே வந்து இருந்தார். "வெறும் நிலம்" என்றேன். அவர் முகம் சுருங்கியது. தன் தாய் வேறு விளக்கம் சொல்லுவார் என்றார். முதலாளி ஓடிவந்தார். இருவரும் வாதாடி முடிக்கையில் சாப்பாடு ஆறிவிட்டது. கடிதம் போச்சு என்று பயந்தேன்.

தவணை முடிந்த நாள் முதலாளி கூப்பிட்டார். முன்னால் கையெழுத்தில்லாத கடிதம். "உன் ஊர்ப்பெயருக்கு என்ன பொருள்?" என்றார். என் ஊர் யாழ்ப்பாணத்துக் கோப்பாய். என் முப்பது வயதுக்குள் ஒருவரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. ஏதாவது புளுகலாமா என்று தடுமாறி, கடைசியில் "தெரியாது" என்றேன். அவர் பேனாவைத் திறந்தார்.

"அந்தத் தாளில் தெரியாததையெல்லாம் நான் ஊகித்துத்தான் எழுதினேன். நீ அதைச் செய்யவில்லை."

கண் காணாத ஊர்களுக்கெல்லாம் மூன்று மாதம் பொருள் சொன்னவன், சொந்த ஊருக்குப் பொருள் தெரியாததால் சுவிஸில் நிரந்தரமானேன்.