ஒரு சாண் ஆடிய மூட்டை

யுத்தம் நடந்த வருஷங்களில் நாமக்கல் பக்கம் ஒரு பள்ளியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்தேன். ரைபிள் குண்டின் வேகத்தை அளந்து பார்த்துவிடும் ஆசை ஒருமுறை வந்து தொலைத்தது. காட்டுப்பன்றி சுட ரைபிள் வைத்திருந்த ஒரு பண்ணையக்காரரைப் பிடித்தேன். அவருடைய புன்செய்க் காட்டு வேப்பமரத்தில் மணல் மூட்டையைக் கயிற்றில் தொங்கவிட்டோம். குண்டு பட்டு அது எவ்வளவு தூரம் ஆடுகிறதோ, அதை வைத்து வேகத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். குண்டு பட்டால் மூட்டை பறந்துபோய், பக்கத்தில் கட்டியிருந்த தன் எருதுகள் மேல் விழும் என்று பயந்து, அவற்றை அவிழ்த்து அடுத்த காட்டுக்கு ஓட்டிவிட்டு வந்தார்.

சுட்டார். காது அடைத்தது. மூட்டை ஒரு சாண் ஆடியது, அவ்வளவுதான்.

"ஏனுங்க, இதுக்கா மாட்டை அவுத்தேன்?" என்றார். மணலைக் கிளறி, நசுங்கிய குண்டை எடுத்தவர் சூடு பொறுக்காமல் கையை உதறினார்.

"குண்டோட சக்தியெல்லாம் சூடாப் போயிருதுங்க. மூட்டையை ஆட்டறதுக்குக் கொஞ்சந்தான் மிச்சம்" என்றேன்.

மறுநாள் இதையே வகுப்பில் தொண்டை வறளக் கத்தினேன். பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். மீதிப் பேர் எப்போது மணியடிக்கும் என்று காத்திருந்தார்கள். சாயங்காலம் வீட்டில் போய்ச் சாய்ந்தேன். மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "ஒடம்பு கொதிக்குதுங்களே!" என்றாள்.

"கொதிக்காம என்ன பண்ணும்? பசங்க ஒரு சாண்கூட ஆடலையே" என்றேன்.