மூன்றாவது முடிச்சு

எங்கள் வீட்டில் வீடியோவை இளைக்க வைக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். எட்டாவதோடு நின்றவள். இருந்தாலும் எதை அழுத்தினால் முந்நூறு எம்பி முப்பதாகும் என்பது எப்படியோ கைக்கு வந்துவிட்டது. இப்போதெல்லாம் ஃபோனே செய்துகொள்கிறது. அப்போது அறுபது சதவீதத்தில் வந்து அப்படியே நின்றுவிடும். ஃபோன் சுடும். ஈரத்துணி மேல் வைத்துவிட்டு, வெடித்துத் தொலைக்குமோ என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். அந்தக் காத்திருப்பை நினைத்தால் இன்றைக்கு ஏனோ ஆசையாக இருக்கிறது.

தங்கை கல்யாணம் திருவையாற்றில் நடந்தது. மறுநாள் திருக்காட்டுப்பள்ளிக்கு, மாமியார் வீட்டுக்குப் போய்விட்டாள். அன்றைக்கே வீடியோக்காரர் தாலி கட்டுகிற இடத்தை மட்டும் அனுப்பினார். ஐம்பது விநாடி. ஸ்டேட்டஸோ முப்பதுக்கு மேல் வாங்காது. படம் வேறு படுத்த வாக்கில் இருந்தது. ஃபோனுக்கு நின்ற வாக்கில் வெட்ட வேண்டும். தங்கை சிரிக்கிற முகம் நடுவில் வர இழுத்து வைத்து, கெட்டிமேளத்தில் ஆரம்பித்து, முப்பதில் நிறுத்தினேன். சிக்னலுக்காக வாய்க்கால் மதகில் போய் உட்கார்ந்து ஏற்றினேன். எழுந்திருப்பதற்குள் ஃபோன் வந்தது. தங்கையின் நாத்தனார்.

"என்னங்க, எங்க வீட்டுக்கு வந்த பொண்ணுக்கு ரெண்டு முடிச்சு போதும்னு விட்டுட்டீங்களா?"

இரண்டு முடிச்சு மாப்பிள்ளை போட, மூன்றாவதை நாத்தனார் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். நான் இரண்டோடு வெட்டியிருந்தேன்.

"இல்லீங்க அண்ணி, ஸ்டேட்டஸ்ல இடம் பத்தலை..."

"உங்க சித்தப்பா முழங்கைக்கு இடம் இருக்கு, எனக்கு இல்லையா? தம்பிக்கு அக்கான்னு ஒருத்தி இருக்கேனா இல்லையா?"

வைத்துவிட்டார்.

போன முதல் நாளே என்னால் தங்கைக்குப் பேச்சு. இனி அந்த வீட்டில் அவள் வாயைத் திறக்க முடியுமா? அவசரமாக அழித்தேன். அதற்குள் நாற்பது பேர் பார்த்திருந்தார்கள். மதகிலேயே உட்கார்ந்து திரும்ப வெட்டினேன். ஆரம்பத்தைத் தள்ளி, படத்தைக் கழுத்தின் பின்பக்கத்துக்கு இழுத்து, நாத்தனாரின் கை, வளையல், மூன்று முடிச்சும் முழுசாக வர வைத்தேன். ஏற்றினேன்.

மறுபடி அவரேதான்.

"வளையல் நல்லா விழுந்திருக்கு. பொண்ணு மூஞ்சி எங்கங்க? வெறும் கழுத்துக்கா கல்யாணம் பண்ணினோம்?"

"ரெண்டும் சேர்ந்து வரமாட்டேங்குது அண்ணி." எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அப்ப ரெண்டாப் போட வேண்டியதுதானே? ஒண்ணுல அவ, ஒண்ணுல நான்."

அது எனக்குத் தோன்றவே இல்லை.

அந்தப் பக்கம் யாரோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் தங்கை!

"எங்க அக்கா அப்படித்தான் அண்ணி. கதவைப் பூட்டிட்டு நாலு தடவை இழுத்துப் பார்ப்பா."

"நீ அதை நாலு தடவை சொல்லிட்டே, போதும் விடுடி," என்றார் நாத்தனார்.

அவள் எதையோ மென்றுகொண்டே இன்னும் என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஃபோனை வைக்க மனசு வரவில்லை. அவள் பேசி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.