முன்னால் போன மஞ்சள் சட்டை

பெட்டியைத் திறந்ததும் வசம்பு வாசனை குப்பென்று மூக்கில் ஏறியது. என் மகளுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது; அவளுக்குப் பற்றாமல் போன குழந்தைத் துணிகளையெல்லாம் பூச்சி அரிக்காமலிருக்க வசம்புத் துண்டு போட்டு மடித்து வைத்திருந்தேன். “யாருக்காச்சும் குடுத்துற வேண்டியதுதான, எதுக்குப் பூட்டி வச்சிருக்க?” என்று என் கணவர் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார். கொடுக்கலாம்தான். ஆனால் யாருக்கு, எப்போது என்று யோசிக்கும்போதெல்லாம் கை தயங்கும். பத்து வயதில் நான் செய்த ஒரு காரியம்தான் அதற்குக் காரணம்.

திருச்சுழிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கே பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடமாட்டார்கள். நோய் நொடியில்லாமல் வளர்ந்த வேறொரு பிள்ளை போட்டுக் கழித்த துணிதான் முதலில் உடம்பில் பட வேண்டும். என் தம்பி பாண்டி கொழுகொழுவென்று இருப்பான், பால்குடி வயதில் ஒரு தும்மல்கூடப் போட்டதில்லை, அதனால் அவன் துணிக்குத் தெருவில் ஏகக் கிராக்கி. கேட்டு வருகிறவர்கள் துணியைப் பிரித்துக்கூடப் பார்க்கமாட்டார்கள், தம்பியைத்தான் பார்ப்பார்கள். தூக்கி எடை பார்ப்பார்கள், தொடையைக் கிள்ளுவார்கள், “பேதி கீதி போனானா? காய்ச்சலு எதுவும் கண்டுச்சா?” என்று அம்மாவைக் குடைவார்கள். சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பதுபோல இருக்கும் எனக்கு. ஒரு துணி வாங்க இவ்வளவு விசாரணை ஏன் என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டு பக்கத்திலேயே நிற்பேன்.

அம்மா கட்டி வைத்திருந்த தம்பியின் துணி மூட்டையில் முதுகில் நாடா வைத்த ஒரு மஞ்சள் ‘ஜப்லா’ச் சட்டை இருந்தது. அது தம்பிக்கு வாங்கியதில்லை. அருப்புக்கோட்டையில் இருந்த என் பெரியம்மா மகன் போட்டது, அவனுக்கு முன்னால் அவர்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளை போட்டது, அதற்கும் முன்னால் யாரென்று பெரியம்மாவுக்கே தெரியவில்லை. தம்பிக்குப் பிறகு எங்கள் தெருவில் இரண்டு பிள்ளைகள் போட்டுத் திரும்பி வந்தது. துவைத்துத் துவைத்துப் பழந்துணியின் மென்மை வந்திருந்தது அதற்கு. போட்டவர்களில் ஒரு பிள்ளையும் சோடை போகவில்லை என்று நானே ஒவ்வொரு வீடாக விசாரித்து வைத்திருந்தேன், அதைப் போட்டால் போதும், பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று முடிவும் கட்டியிருந்தேன்.

அப்போது எங்களுக்கு அடுத்த வீட்டில் முத்துலட்சுமி சித்தி எட்டு மாதக் கர்ப்பமாக இருந்தாள். சொந்தச் சித்தி இல்லை, அம்மாவை ‘அக்கா’ என்று கூப்பிடுவாள், பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நான் பாதி நேரம் அவள் வீட்டில்தான் கிடப்பேன். அவளுக்கு ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டும் என்று தெருவே நினைத்துக்கொண்டிருந்தது. அந்தச் சமயம் பார்த்து நரிக்குடியிலிருந்து அப்பாவுக்குத் தூரத்துச் சொந்தக்காரப் பெண் ஒருத்தி, தன் மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது என்று சொல்லி, பாண்டி சட்டை கேட்டு வந்தாள். அம்மா மஞ்சள் சட்டையை எடுத்துக் காட்டி, “வெள்ளிக்கிழமை நல்ல நாளு, வந்து வாங்கிக்கங்க” என்று சொல்லி அனுப்பினாள். எனக்குப் பொறுக்கவில்லை. சித்திக்குச் சேர வேண்டியது நரிக்குடிக்குப் போவதா? மறுநாள் சித்தி குழாயடிக்குப் போயிருந்த நேரத்தில், சட்டையை எடுத்துக்கொண்டு போய் அவள் தலையணை மேல் நாடாவையெல்லாம் நேராக்கி விரித்து வைத்துவிட்டு வந்தேன். ஏதோ பெரிய உபகாரம் செய்துவிட்டதாக உள்ளுக்குள் ஒரே குதூகலம்.

கொஞ்ச நேரத்தில் சித்தி வீட்டிலிருந்து அலறல் கேட்டது. அம்மா ஓடினாள், நானும் பின்னாலேயே ஓடினேன். சித்தி தரையில் உட்கார்ந்திருந்தாள், குடத்துத் தண்ணீர் வீடெல்லாம் ஓடியது, தலையணை மேல் கிடந்த சட்டையை யாரும் தொடவில்லை.

“பிள்ளை வாரதுக்கு முன்னால துணி வந்து படுத்திருக்கே! இதுக்குத்தானடி மொதல்ல இருந்தே தலைபாடா அடிச்சுக்கிட்டேன்!” என்று அவள் மாமியார் கத்தினாள்.

முதல் பிரசவத்தின்போது சித்தப்பா சந்தோஷத்தில் முன்கூட்டியே டவுனுக்குப் போய்ச் சட்டையும் தொப்பியும் வாங்கி வந்திருந்தாராம். போட்டுப் பார்க்கப் பிள்ளை இல்லாமல் போயிற்றாம். பிறந்த பிறகுதான் துணி வீட்டுக்குள் வர வேண்டும், அதுவும் அவர்களாகக் கேட்டு வர வேண்டும். யாரும் எனக்கு அதைச் சொல்லியிருக்கவில்லை. “நான்தான் வச்சேன்” என்று சொன்னேன். எல்லோர் முன்னாலும் அம்மா ஓங்கி ஓர் அறை விட்டாள். சட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்தவள் அதை மூட்டைக்குள் வைக்காமல் பரண்மேல் எறிந்தாள். வெள்ளிக்கிழமை நரிக்குடிக்கு வேறொரு நீலச் சட்டை போயிற்று.

பத்தே நாளில் சித்திக்கு வலி எடுத்துவிட்டது. அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் பெண் பிள்ளை, எடை பற்றாது என்று கண்ணாடிப் பெட்டியில் வைத்திருப்பதாகத் தகவல் வந்தது. அருப்புக்கோட்டை பஸ் வரும்போதெல்லாம் ஓடிப்போய், இறங்குகிறவர்களின் முகத்தைப் பார்ப்பேன். ஒருநாள் அம்மாவிடம், “என்னாலதானாம்மா?” என்று கேட்டேன். அம்மா என் பக்கம் திரும்பாமல், களைந்த அரிசியையே மறுபடி களைந்தாள். அவளும் அப்படித்தான் நினைக்கிறாள் என்று அப்போது புரிந்தது. அன்று நான் பட்ட பயம் வேறு எதற்கும் பட்டதில்லை.

ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. ஒரு நாள் காலையில் எங்கள் வாசலில் சித்தி நின்றாள், பழைய வேட்டித் துணியில் சுற்றிய பிள்ளை கையில் இருந்தது. “அக்கா, பாண்டி சட்டை ஒன்னு குடுங்க” என்றாள். அம்மா பதறிப்போய் மூட்டையைப் பிரித்து ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்தாள்.

“இது வேணாம்க்கா. அன்னைக்கு வந்துச்சே, அதைக் குடுங்க.”

அம்மா பரணை நிமிர்ந்து பார்த்தாள். சித்தி என்னைப் பார்த்தாள். “ஆஸ்பத்திரியில கெடந்து அதையேதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். பஸ்ஸுல சீட்டுக்குத் துண்டு போடுறோம்ல? அந்த மாதிரி எம்பிள்ளைக்கு அது எடம் பிடிச்சு வச்சிருக்குன்னு நெனச்சுக்கிட்டேன். எடுத்துட்டு வாடி” என்றாள்.

நான் பரண்மேல் ஏறிச் சட்டையை எடுத்துக்கொண்டு, ஊருக்கே கேட்கும்படி அழுதுகொண்டு இறங்கினேன்.

இப்போது நான் இருப்பது அருப்புக்கோட்டையில். துணிகளை எங்கே கொடுப்பது என்று இரண்டு மாதமாக விசாரித்தேன். ஒரு குழந்தைகள் இல்லத்தில், பிரிக்காத புதுத்துணி மட்டும்தான் வாங்குவோம் என்றார்கள். மதுரையில் ஒரு துணிக்கடை வாசலில் பழைய துணி போடப் பெட்டி வைத்திருக்கிறார்கள். இது எங்கே போகும் என்று கேட்டதற்கு அங்கிருந்த யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் இங்கே பிரசவ வார்டு நர்சம்மாவிடம் கேட்டேன். “மூட்டையா கொண்டாந்து போட்டுட்டுப் போயிராதீக. நல்லாத் துவைச்சு வெயில்ல காய வச்சு, கறை இல்லாம, நாடா அறுந்து போகாம, மூணு மாசத்துக்குள்ள உள்ள பிள்ளைக்கு ஆகுறத மட்டும் குடுங்க. வேணும்னு கேக்குறவுகளுக்கு நான் குடுக்கேன்” என்றார். கேட்கிறவர்களுக்கு என்று அவர் சொன்னது எனக்குப் பிடித்துப்போயிற்று. எங்கள் ஊரிலேயே இப்போது வளைகாப்பு முடிந்த கையோடு புதுத்துணி வாங்கி அடுக்கிவிடுகிறார்கள், அந்தப் பயம் போனதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நான் விசாரித்த ஓர் இடத்திலாவது, இதைப் போட்டது எந்தப் பிள்ளை என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியே வழக்கொழிந்துவிட்டது என்று நினைத்தேன்.

துணிகளைக் கொண்டுபோய்க் கொடுத்த அன்று, வார்டு வாசலில், பிரசவத்துக்குத் துணைக்கு வந்திருந்த ஓர் இளம்பெண் சட்டையொன்றை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, “யாரு பிள்ளை போட்டது, அக்கா?” என்று நர்சம்மாவிடம் கேட்டாள். அவர் என்னைக் கைகாட்டினார். அந்தப் பெண் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். நான் தனியாகத்தான் போயிருந்தேன்.

மறுநாள் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்தப் பெண் வாசலுக்கு வந்து அவளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, “காய்ச்சலு எதுவும் கண்டுச்சாக்கா?” என்று கேட்டபடியே தொடையை மெல்லக் கிள்ளிப் பார்த்தாள்.