லோகேஸ்வரியின் மஞ்சள் சீட்டுகள்

லோகேஸ்வரிக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு டயாலிசிஸ் மையத்தில், நோயாளிகளை வீட்டிலிருந்து ஏற்றி வரும் வேனுக்கு ஏற்பாடு செய்கிற வேலை அவளுக்கு. சேர்ந்த புதிதில் ஒரு பெரியவரின் பெயர் அவளுடைய நோட்டுப் புத்தகத்தில் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. வேன் போகவில்லை. மூன்றாம் நாள் நெஞ்சில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிழைத்துக்கொண்டார்தான், ஆனால் அதற்குப் பிறகு அவள் எந்தப் பக்கத்தையும் நம்பவில்லை. யார், எங்கே, எத்தனை மணிக்கு என்பதெல்லாம் கணினித் திரையில் மஞ்சள் சீட்டுகளாக எப்போதும் கண்முன் இருக்க வேண்டும்.

கணினியோ ஓட்டை உடைசல். கிள்ளானில் பழைய கணினி விற்கும் அய்யாவு, விண்டோஸ் போட்டால் இதற்கு மூச்சு வாங்கும் என்று சொல்லி லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தான். அந்தச் சீட்டுகளை அவன் விட்ஜெட் என்பான். என்னவோ சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஆயுத பூஜைக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை காலை எட்டே முக்காலுக்குக் கணினியைப் போட்டாள். திரை முழுக்க வெறும் நீலம். ஒரு சீட்டுகூட இல்லை.

மற்ற நோயாளிகளின் முகவரியைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். பக்கிரிசாமிதான் சிக்கல். மையத்துக்குப் புதியவர். கோப்பில் இருந்தது ரவாங் வீட்டு முகவரி; அங்கே போனை எடுக்க ஆளில்லை. புதன்கிழமை சாயங்காலம் அவருடைய மகள் மையத்தின் பழைய போனில் கூப்பிட்டு, அப்பா பூச்சோங்கில் தன் வீட்டுக்கு வந்துவிட்டார், இனி அங்கே வந்து ஏற்றிக்கொள்ளுங்கள் என்று சொன்னாள். அந்த முகவரியும் எண்ணும் சீட்டில் மட்டும்தான் இருந்தன. வீடு மாறிய அமளியில் புதன்கிழமை டயாலிசிஸ் முறையை அவர் ஏற்கெனவே விட்டிருந்தார். இன்றும் விட்டால் என்ன ஆகும் என்று லோகேஸ்வரிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

வேன் ஓட்டும் சபாபதி கூப்பிட்டார்.

"லோகா, கெம்பாங்கான்ல மாரியாயி அம்மாவ ஏத்தியாச்சு. அடுத்து எங்க?"

"பூச்சோங்குண்ணே."

"பூச்சோங் என்னா ஒரே தாமானா, ஒரே குடியிருப்பா? எந்த ஃபிளாட்டு?"

"அஞ்சு நிமிஷம் குடுங்கண்ணே, சொல்றேன்."

அய்யாவுக்குப் போன் போட்டாள். ஒருமுறை அணைத்துப் போடச் சொன்னான். போட்டாள், அதே நீலம். பொறுமையில்லாமல் அவளே திரையில் எதையோ அமுக்கி ஒரு சீட்டைச் சேர்த்தாள். மஞ்சளாகத்தான் வந்தது, ஆனால் காலியாக.

"எழுதுனது எல்லாம் போச்சா தம்பி?"

"போவாது லா அக்கா. நீங்க ஒன்னும் அமுக்காதீங்க. நேத்து யாராச்சும் அதுல கை வெச்சாங்களா?"

"நேத்து யாரும் தொடவே இல்ல. வேன் ஓட்டமும் இல்ல, ஆயுத பூஜைன்னு கம்ப்யூட்டருக்கு லீவு. பொட்டு வெச்சு, மால போட்டு அப்படியே விட்டுட்டேன்."

"பொட்டு வெக்கறதுக்கு முன்னால தொடச்சீங்களா?"

"தொடைக்காம எப்படிப் பொட்டு வெப்பாங்க? வயரெல்லாம் கழட்டி, துணி போட்டு நல்லா தொடச்சு, திரும்ப மாட்டுனேன்."

"அதான்! காலையிலேருந்து எனக்கு இது மூனாவது போன். பின்னால ஸ்கிரீன் வயருக்கு ஒரே மாதிரி ரெண்டு ஓட்டை இருக்கும். நீங்க மாத்திச் சொருவிட்டீங்க. அது வேற ஸ்கிரீன் வந்துருச்சுன்னு நெனச்சுக்கிச்சு. பழைய சீட்டெல்லாம் பழைய ஓட்டையோடதான் இருக்கு."

பக்தியோடு பார்த்துப் பார்த்துச் செய்த வேலை இப்படி ஆளையே கவிழ்க்கும் என்று அவள் கண்டாளா! மேசைக்கடியில் மண்டியிட்டு வயரைப் பிடுங்கி மற்ற ஓட்டையில் செருகினாள். பொட்டு வைத்த குங்குமம் புடவையிலெல்லாம் கொட்டியது. மறுபடி அணைத்துப் போட்டாள். திரை விழிப்பதற்குள் சபாபதி இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். முகவரி கிடைக்காமல் எடுத்து என்ன பயன் என்று அடிக்கவிட்டாள். கடைசியில் சீட்டுகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. மூன்றாவதில் பக்கிரிசாமி.

முகவரியைச் சபாபதியிடம் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு, சீட்டில் இருந்த எண்ணுக்கு அடித்தாள். பக்கிரிசாமியே எடுத்தார்.

"அங்கிள், டயாலிசிஸ் வேனுக்காகப் பேசறேன். மன்னிச்சிருங்க, லேட்டாயிருச்சு."

"வேனா?" குரல் இறங்கிப்போனது. "மறந்துட்டீங்கன்னு நெனச்சேம்மா."

"மறப்பமா அங்கிள்?"

"மறந்திருந்தா நல்லா இருந்திருக்கும். மூனு வருஷமா வாரம் மூனு நாளு ஊசி. இன்னிக்கு ஒரு நாளு தப்பிச்சோம்டான்னு, வேலைக்குப் போன மவகிட்டகூட சொல்லாம சந்தோஷமா உக்காந்திருந்தேன்."

காலையிலிருந்து தான் பட்ட பாட்டுக்கு இதுவா பதில் என்று லோகேஸ்வரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. திட்டத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"கால் வீங்கியிருக்கா அங்கிள்?"

"செருப்பு நொழைய மாட்டேங்குது."

"செருப்பு வேணாம், தனியா படி எறங்கவும் வேணாம். சபாபதியண்ணன் மேல வந்து கூட்டிக்குவாரு. கதவ மட்டும் தெறந்து வெச்சிருங்க."