காணாமல் போன விண்ணப்பம்

செங்கம் ரோட்டில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டுக்கொண்டு, மவுஸைத் தொடாமல் கட்டளைகளாகத் தட்டி அலட்டிக்கொண்டிருந்த காலம்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து ஓர் அம்மா வந்தார். தடித்த கண்ணாடி. நாற்காலியைக் கைக்குட்டையால் இரண்டு முறை தட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தார். சத்துணவு வேலைக்கான விண்ணப்பத்தை ஐந்து மணிக்குள் கொடுத்தாக வேண்டும்; அன்றுதான் கடைசி நாள்.

அடித்து முடித்தேன். பிரிண்டர் பக்கத்துக் கம்ப்யூட்டரில் இருந்தது. விண்ணப்பத்தை அங்கே அனுப்புவதற்காக, அதிலிருந்த பொது ஃபோல்டரை, ஒரே கட்டளையில், விண்ணப்பம் இருந்த ஃபோல்டர் மேலேயே கொண்டுவந்து மாட்டினேன். திறந்தால் விண்ணப்பத்தைக் காணோம். யாருடையதோ கல்யாணப் பத்திரிகை இருந்தது.

“வைரஸ்ங்க” என்றேன், கூசாமல்.

“இப்பதானே இருந்துச்சு? கடைசியா என்னா பண்ணீங்க?”

“பக்கத்துக் கம்ப்யூட்டர் ஃபோல்டரை இதுமேல மாட்டினேன்.”

“அப்ப நம்மளது அடியிலதான் இருக்கும். மாட்டுனதக் கழட்டுங்க தம்பி.”

கழற்றினேன். விண்ணப்பம் ஓரெழுத்தும் குறையாமல் இருந்தது. பொது ஃபோல்டரை இந்தமுறை காலி ஃபோல்டர் ஒன்றில் மாட்டி, விண்ணப்பத்தை அதில் போட்டு, பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். மணி நாலரை. கம்ப்யூட்டரையே அவர் அன்றுதான் கிட்டத்தில் பார்த்தாராம். எப்படிக் கண்டுபிடித்தார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

புறப்படும்போது, “கடை உங்களுதுங்களா?” என்று பரிவோடு கேட்டார்.

“இல்லீங்க, ஓனர் சாப்பிடப் போயிருக்காரு” என்றேன்.