மெல்பேர்னில் செய்தது என்று எழுதிக் கொடுத்தேன்

பொய்யை எழுதிக் கையொப்பமிட்டு, ஒரு பெண்ணை இந்த நாட்டை விட்டே போக வைத்தவன் நான். ஐந்து ஆண்டுகளாக இதை யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் என்னை அறியாதவர் என்பதால் சொல்கிறேன்.

மெல்பேர்னின் மேற்கே ட்ருகனினாவில் ஒரு கிடங்கில் வேலை செய்கிறேன். உலகப் போரில் சிப்பாய்கள் ஏந்திய துப்பாக்கிகளை அதே வடிவில் புதிதாகச் செய்து விற்கும் நிறுவனம். ஒவ்வொரு முறை சுடவும் தாழ்ப்பாளைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டிய பழைய வகை. வாங்குபவர்கள் பெரும்பாலும் உரிமம் வைத்திருக்கும் வயதானவர்கள். 'மெல்பேர்னில் செய்தது' என்று எங்கள் விளம்பரத் தாள் பெருமை பேசியது.

செய்தோமா...? குழல், விசை, மரப்பிடி எல்லாமே வியட்நாமிலிருந்து பெட்டி பெட்டியாக வந்தன. இங்கே பூட்டினோம், எண்ணெய் தடவினோம். நாட்டின் பெயர் இருந்த ஒட்டுத்தாளை உரித்துவிட்டு, இரும்பில் 'மெல்பேர்ன்' என்று பொறிப்பது என் வேலை.

ரேவதி கோயம்புத்தூர்க்காரி. வரும் பாகங்களை அளந்து பரிசோதிக்கும் பொறியியலாளர். நிறுவனம் எடுத்துக் கொடுத்த விசாவில் இருந்தாள்; வேலை போனால் விசாவும் போகும்.

ஒரு நாள் முதியவர் ஒருவர் வந்தார். அவருடைய தகப்பனார் போரில் இதே வகைத் துப்பாக்கியைத் தூக்கியவராம். இது உண்மையிலேயே இங்கு செய்ததுதானா என்று எங்கள் இருவரையும் பார்த்துக் கேட்டார். நான் குனிந்துகொண்டேன். ரேவதி உள்ளதைச் சொன்னாள். அவர் நன்றி கூறிவிட்டுப் போய், அரசாங்கத்துக்கு முறைப்பாடு எழுதினார்.

சாப்பாட்டு அறையில் அவளிடம் சினந்தேன்.

"உங்களுக்கு ஏன் தேவையில்லாத வேலை? பேசாமல் இருந்திருக்கலாம்தானே?"

"நேராக் கேட்டாருண்ணா. எப்படிப் பொய் சொல்றது? அதிகாரிங்க வந்து கேட்டா நீங்களும் உண்மையத்தானே சொல்லுவீங்க?"

"ஓம்," என்றேன்.

அதிகாரிகள் விசாரிக்க வருவதற்கு முந்திய நாள் முதலாளி என்னை அழைத்தார். மேற்பார்வையாளர் இடம் ஒன்று காலியாக இருக்கிறது என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. எல்லாப் பாகங்களும் இங்கேயே செய்யப்படுகின்றன, ரேவதிக்கு உற்பத்தியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று மறுநாள் எழுதிக் கொடுத்தேன். அதிகாரி வாசித்தார், தலையசைத்தார், கோப்பில் வைத்தார்.

இதே நாட்டுக்கு நான் இலங்கையிலிருந்து அகதியாக வந்து, எங்கள் வீட்டில் நடந்த சாவுகளை உள்ளபடி சொன்னபோது, நம்பாமல் வருடக்கணக்காக அலைக்கழித்தார்கள். இந்தப் பொய்யை நம்ப ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது...

மேற்பார்வையாளர் இடம் எனக்குக் கிடைத்தது. ரேவதியை நீக்கினார்கள். வேறு வேலை தேடினாள், கிடைக்கவில்லை. நாட்டைவிட்டுப் போவதற்கு முன், தன் கருவிகளை எடுக்கக் கிடங்குக்கு வந்தாள்.

"அந்தக் கடிதத்தக் காட்டுனாங்கண்ணா. அது உங்க கையெழுத்துதானா?"

"ஓம்."

அவள் கருவிகளை எடுத்துப் பையில் வைத்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனாள். அந்தக் கடிதத்தைப் பார்த்த பிறகும் அண்ணா என்று அழைத்தாளே... அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பயத்தில் செய்தேன் என்றால் நீங்கள் இரங்கக்கூடும். பயம் இல்லை. அப்போது எனக்குக் குடியுரிமையே கிடைத்திருந்தது. என்னை யாரும் எங்கும் அனுப்பியிருக்க முடியாது. கிரெய்கிபர்னில் இருக்கும் என் மைத்துனர்கள் முன்னால் மேற்பார்வையாளன் என்று சொல்லிக்கொள்ள ஆசைப்பட்டேன். அவ்வளவு அற்பமான காரணம்!

இந்த ஆண்டு நிறுவனம் கைமாறியது. புதிய முதலாளிக்கு ஒளிவுமறைவு பிடிக்காது. புதிய விளம்பரத் தாளில் 'வியட்நாமில் செய்தது' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டார். விற்பனை விழும் என்று நான் காத்திருந்தேன். ஒருவர்கூட வாங்காமல் திரும்பவில்லை. நன்றாகச் சுட்டால் சரி என்கிறார்கள்.

அந்தத் தாளைப் படமெடுத்து ரேவதிக்கு அனுப்ப நினைத்தேன். கைபேசியில் அவளுடைய இலக்கம் இன்னும் இருக்கிறது. உண்மையைச் சொல்லியும் விற்கிறதென்றால் என்னை எதற்காக நாட்டை விட்டு அனுப்பினீர்கள் என்று அவள் கேட்டால்...? படத்தை அழித்துவிட்டு வேலைக்குத் திரும்பினேன்.